மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசைக்கு ஜெல் ஊசி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்த இதயத்தை ஒரே ஒரு ஜெல் ஊசியில் புதிதாக்கிவிடலாம் என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நான் திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கிளினிக்கில் கிடைக்காத குளிசையை வெளியில் வாங்க வருகிறவர்களில் பலர், மருந்துத் துண்டை நீட்டும்போதே போனையும் நீட்டி, "இது உண்மையா? எங்கட அப்பாவுக்குப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி என்று எல்லாப் பக்கத்தாரும் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சி உண்மைதான், நல்ல ஆராய்ச்சியும்கூட. ஆனால் அதை நம்பி யாரும் கையில் இருக்கும் குளிசையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாரடைப்பில் இதயத்துக்கு என்ன நடக்கிறது?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடி ஒன்று அடைபடுகிறது. அந்த நாடியை நம்பியிருக்கும் தசைக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது. 20 முதல் 40 நிமிடங்களுக்குள் கலங்கள் மீள முடியாதபடி சாகத் தொடங்குகின்றன. உள்பக்கத் தசை முதலில் போகும், பிறகு மணித்தியாலக் கணக்கில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். இடது இதயவறையில் ஏறக்குறைய 200 முதல் 400 கோடி தசைக் கலங்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி வரை போய்விடலாம்.

செத்த இடத்தை உடம்பு அப்படியே விட்டுவிடாது. அழற்சிக் கலங்கள் வந்து துப்புரவு செய்யும், பிறகு கொலாஜன் நார் நிறைந்த தழும்பு உருவாகும். தழும்பு உறுதியானதுதான், ஆனால் சுருங்காது. நோயாளிக்கு வில்லங்கம் தொடங்குவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். செத்த பகுதி மெலிகிறது, அறை அகலுகிறது, மிச்சமிருக்கும் நல்ல தசை கூடுதலாக உழைத்துக் களைக்கிறது. மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில், இது நடந்துகொண்டே இருக்கும். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கும் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பாருங்கள், ஈ.எஃப். என்று ஒரு வீதம் போட்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னிடம் இருக்கும் இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 55க்கு மேல் இருந்தால் நல்லது. 40க்குக் கீழே போனால் டொக்டர்மார் கவனமாகிவிடுவார்கள்.

கையில் காயம் ஆறுகிறது, எலும்பு முறிந்தால் பொருந்துகிறது. இதயம் மட்டும் ஏன் திரும்ப வளரவில்லை?

வளர்கிறது, ஆனால் மிக மெதுவாக. இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுப் பரிசோதனை செய்தபோது காற்றில் காபன்-14 கூடியது. அது உணவு வழியாக எல்லா மனிதர் உடம்புக்கும் போனது. பரிசோதனைகள் நின்ற பிறகு அதன் அளவு வருடா வருடம் குறைந்து வந்தது. ஆகவே ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் எவ்வளவு காபன்-14 இருக்கிறது என்று அளந்தால் அந்தக் கலம் எந்தக் காலத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். சுவீடன் விஞ்ஞானிகள் 2009இல் இந்த முறையால் இதயத் தசையின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 வீதம் கலங்கள் புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 வீதமாகக் குறைகிறது என்று தெரிய வந்தது.

அந்த வேகத்தில் ஒரு மாரடைப்பின் இழப்பை ஈடுசெய்ய முடியாது. சீப்ரா மீனின் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் முழுதாக வளர்ந்துவிடுகிறது, தழும்புகூட மிஞ்சுவதில்லை. மனிதருக்கு அந்த வரம் இல்லை.

அந்த ஜெல் என்ன செய்கிறது?

இரண்டு வேலைகளை எதிர்பார்த்துத்தான் இந்தத் துறை வளர்ந்தது.

முதலாவது, சுவரைத் தாங்குவது. இதயவறையின் சுவர் மேல் விழும் இழுவை, உள்ளே இருக்கும் அழுத்தமும் அறையின் ஆரையும் கூடும்போது கூடும், சுவர் தடிப்பாக இருந்தால் குறையும். லாப்பிளாசின் விதி என்று படித்திருப்பீர்கள். மாரடைப்புக்குப் பிறகு அறை அகலுகிறது, சுவர் மெலிகிறது, ஆகவே இழுவை இரண்டு வழியாலும் ஏறுகிறது. கூடிய இழுவையால் சுவர் இன்னும் மெலியும், அறை இன்னும் அகலும். இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். மெலிந்த சுவருக்குள் கொஞ்சம் ஜெல்லை ஏற்றித் தடிப்பாக்கினால் இழுவை குறையும் என்பதுதான் எண்ணம். 2006இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு ஒன்று, சுவரின் கனவளவில் 4.5 வீதம் அளவு பொருளை, செத்த பகுதியும் நல்ல தசையும் சந்திக்கும் எல்லையில் ஏற்றினாலே தசை நார்கள் மீதான இழுவை 20 வீதம் வரை குறையலாம் என்று காட்டியது.

இரண்டாவது, கலங்களுக்கு நல்ல இடம் கொடுப்பது. உடம்பில் கலங்கள் சும்மா மிதப்பதில்லை. புரதமும் சீனி மூலக்கூறுகளும் சேர்ந்த ஒரு வலைப்பின்னலில் பிடித்துக்கொண்டுதான் வாழ்கின்றன. மாரடைப்பில் அந்தப் பின்னலும் சிதைந்துவிடுகிறது. அதைப் போன்ற ஒன்றை உள்ளே வைத்தால் புதிய சிறு குழாய்கள் வளரவும், அழற்சி தணியவும், எல்லையில் ஊசலாடும் கலங்கள் பிழைக்கவும் வழி கிடைக்கலாம்.

ஜெல் தானாகவே தசையாக மாறி அடிக்கத் தொடங்கும் என்று வீடியோக்களில் சொல்வது பிழை. அப்படி எந்த ஜெல்லும் இல்லை.

எதிலிருந்து செய்கிறார்கள்?

பல பொருட்கள் உண்டு. இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின், கொலாஜன், மூட்டுத் திரவத்தில் இருக்கும் ஹயலூரோனிக் அமிலம், இறால் நண்டு ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான், ஆய்வுகூடத்தில் செய்யும் செயற்கைப் பல்பகுதியங்கள் என்று பட்டியல் நீளும். மனிதரில் அதிக தூரம் போனவை இரண்டு.

ஒன்று அல்ஜினேட். இது கபில நிறக் கடற்பாசியிலிருந்து வருவது. நோன்பு காலத்தில் கிண்ணியா வீடுகளில் கடற்பாசி காய்ச்சி ஆறவிட்டுத் துண்டு போடுவார்களே, அது சிவப்புப் பாசியின் ஏகார், சூடு ஆறினால் கட்டியாகும். அல்ஜினேட் அந்தக் குடும்பத்து வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அதைக் கட்டியாக்குவது குளிர் அல்ல, கல்சியம். அல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளில் மறை (நெகட்டிவ்) மின்னேற்றம் இருக்கிறது. கல்சியம் அயன் ஒன்று வந்தால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், திரவம் ஜெல்லாகும். சேதமடைந்த இதயத் தசையில் கல்சியம் கூடுதலாக இருக்கிறது, ஆகவே நல்ல இடத்தில் திரவமாகவும் செத்த இடத்தில் ஜெல்லாகவும் இருக்கும் ஒரு கரைசலைச் செய்ய முடிந்தது. பிறகு கல்சியம் மெல்ல விலக, ஜெல் கரைந்து சிறுநீரகம் வழியாகப் போய்விடும். அல்ஜினேட் நமக்குப் புதிதும் இல்லை. பல் டொக்டர் அச்செடுக்க வாயில் வைக்கும் மாவிலும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில மருந்துகளிலும் அதுதான் இருக்கிறது.

மற்றது பன்றி இதயத் தசையிலிருந்து எடுப்பது. தசையைச் சிறு துண்டுகளாக்கி, சவர்க்காரம் போன்ற ஒரு கரைசலில் கலங்கள் முழுவதும் போகும்வரை கழுவுகிறார்கள். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்ற பின்னல் மட்டும். அதை உறையவைத்து உலர்த்தி, தூளாக்கி, பெப்சின் என்ற நொதியத்தால் கரைக்கிறார்கள். அறை வெப்பத்தில் திரவம், 37 பாகையில் தானே ஜெல். அமெரிக்காவின் சான் டியாகோவில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கேரன் கிறிஸ்மனின் குழு உருவாக்கிய வென்ட்ரிஜெல் இப்படிப்பட்டதுதான்.

பன்றி என்றால் நாங்கள் போடலாமா?

மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. தயங்க வேண்டியதில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அல்ஜினேட் கடற்பாசி, மிருகம் எதுவும் அதில் இல்லை. இரண்டாவது, மாரடைப்பு வந்து வார்ட்டில் இருக்கும்போது வயிற்றில் போடும் ஹெப்பரின், எனொக்ஸபரின் ஊசிகள் ஏற்கெனவே பன்றிக் குடலிலிருந்துதான் பெறப்படுகின்றன. உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் வேறு வழி இல்லாதபோது அனுமதி உண்டு என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், டொக்டரிடமும் மாற்று உண்டா என்று கேளுங்கள். இதய வால்வு மாற்றும்போது மாட்டுத் திசுவில் செய்ததும் பன்றியில் செய்ததும் உண்டு என்பதால், சைவக் குடும்பங்களும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் எப்படி ஊசி போடுவது?

மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். நெஞ்சைச் சிறிதாகத் திறந்து வெளியிலிருந்தே நேராகப் போடுவது ஒன்று. அடைபட்ட நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்கப் போகும் அதே பாதையில், முடியுரு நாடிக்குள் குழாய் விட்டு ஓடவிடுவது இன்னொன்று. மூன்றாவதில், தொடை நாடி வழியாக இடது இதயவறைக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோய், எந்த இடத்துத் தசை உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று உள்ளிருந்தே மின்வரைபடம் எடுத்து, குழாயின் நுனியில் இருக்கும் சிறு ஊசியால் சுவருக்குள் துளித் துளியாக ஏற்றுகிறார்கள். வென்ட்ரிஜெல் ஆய்வில் ஒருவருக்கு 18 இடங்கள் வரை இப்படிப் போட்டார்கள்.

ஒவ்வொன்றிலும் ஆபத்து உண்டு. சுவர் துளைபடலாம், துடிப்பு ஒழுங்கு தவறலாம், தவறான இடத்தில் ஜெல் உறைந்தால் நல்ல நாடியே அடைபடலாம். அதனால்தான் புதிய மாரடைப்புக்குப் பக்கத்தில், சுவர் மெதுமெதுவென்று இருக்கும் நாட்களில், சுவருக்குள் ஊசி போட எல்லோரும் தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு பதிலாக அதே சான் டியாகோ குழு 2022 டிசம்பரில் ஒரு புதிய வடிவத்தை வெளியிட்டது. பன்றிப் பின்னலில் இருந்து பெரிய துகள்களை நீக்கி, மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்து இரத்தத்தில் ஓடவிடுகிறார்கள். மாரடைப்பில் நுண்குழாய்களின் சுவரில் இடைவெளி விழுந்திருக்கும். இந்தப் பொருள் அங்கே போய் ஒட்டி, அந்தக் கசிவை அடைக்கிறது. எலியிலும் பன்றியிலும் நல்ல பலன் தெரிந்தது. மருத்துவமனையில் சேர்ந்த உடனேயே கொடுக்கக்கூடிய ஒன்றாக இது வளரலாம் என்பதால், எனக்கு இருக்கும் நம்பிக்கையில் பெரும் பங்கு இதன்மேல்தான்.

மனிதருக்குப் போட்டுப் பார்த்தார்களா? பலன் என்ன?

போட்டார்கள். வீடியோக்கள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

அல்ஜினேட்டை நாடி வழியாகக் கொடுத்த பெரிய ஆய்வில் 303 நோயாளர்கள் சேர்ந்தார்கள். இஸ்ரேலின் பென் குரியோன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்த யோசனை எலியிலும் பன்றியிலும் அருமையாக வேலை செய்திருந்தது. பெரிய மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, 2 முதல் 5 நாட்களுக்குள் ஜெல்லையோ உப்புநீரையோ கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து எக்கோவில் பார்த்தபோது, அறை அகலுவதை ஜெல் தடுக்கவில்லை. இரண்டு பகுதியாருக்கும் வித்தியாசம் இல்லை. 2016இல் முடிவு வெளியானது.

இன்னொரு அல்ஜினேட் ஆய்வில், இதயம் ஏற்கெனவே அகன்று பலவீனமான 78 பேர் சேர்ந்தார்கள். இங்கே நெஞ்சைத் திறந்து இதயவறையைச் சுற்றிவரப் பல இடங்களில் ஜெல் ஏற்றப்பட்டது. ஏற்றியவர்களின் நடக்கும் சக்தியும் ஒட்சிசன் பயன்படுத்தும் திறனும் மற்றவர்களைவிடக் கூடின. அது நல்ல செய்தி. ஆனால் ஜெல் ஏற்றப்பட்ட 35 பேரில் 3 பேர் அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். பலவீனமான இதயத்தோடு இருப்பவருக்கு நெஞ்சைத் திறப்பதே பெரிய விலை. தாங்கள் எந்தச் சிகிச்சை பெற்றோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், நடைச் சோதனையில் மன உற்சாகமும் சேர்ந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வென்ட்ரிஜெல் 15 பேருக்குக் கொடுக்கப்பட்டது, 2019இல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்து 60 நாள் முதல் 3 வருடம் வரையானவர்கள். பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று தெரிந்தது, சிலருக்கு நடை தூரமும் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க ஜெல் கொடுக்காத ஒரு பிரிவு அதில் இல்லாததால், பலன் உண்டு என்று இதை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எலியில் வென்றது மனிதரில் ஏன் தோற்றது?

ஆய்வுகூடத்து எலி இளசு, சீனி வருத்தம் இல்லாதது, சிகரெட் பிடிக்காதது. அதற்கு மாரடைப்பை ஆய்வாளர்களே உண்டாக்குகிறார்கள், நேரமும் இடமும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். வார்ட்டுக்கு வருகிறவர் 60 வயது, பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றும் உள்ளவர். அவருக்கு ஏற்கெனவே ஸ்டென்டும் நல்ல குளிசைகளும் கொடுத்தாயிற்று, அதற்கு மேல் ஜெல் கூட்டிக் காட்ட வேண்டிய பலன் சின்னது. மனித இதயத்தின் சுவர் எலியினதைவிடப் பல மடங்கு தடிப்பு என்பதால் நாடி வழியாகப் போன ஜெல்லில் போதிய அளவு தேவையான இடத்தில் தங்கியதா என்ற கேள்வியும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அந்த 303 பேர் ஆய்வு வீண் போகவில்லை. எந்தப் பொருளை, எந்த வழியால், எந்த நாளில் என்ற மூன்றையும் திரும்ப யோசிக்க வைத்தது அதுதான்.

ஸ்டெம் செல் ஊசி இதைவிட நல்லதா?

இல்லை. ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம். ஊசியால் ஏற்றிய கலங்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இரத்தத்தோடு போய்விடுகின்றன அல்லது சாகின்றன. எலும்பு மச்சைக் கலங்களை வைத்து இருபது வருடமாகச் செய்த ஆய்வுகளில் தெளிவான பெரிய பலன் வரவில்லை. வளர்ந்த இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று சொல்லி உலகை நம்பவைத்த ஓர் ஆய்வுகூடத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகமே கேட்டுக்கொண்டது. ஆய்வுகூடத்தில் வளர்த்த இதயத் தசையை ஒட்டுப்போல இதயத்தின் மேல் தைக்கும் ஜெர்மன் முயற்சி ஒன்று 2025 ஜனவரியில் வெளியானது. அது வேறு பாதை, கவனிக்க வேண்டிய பாதை. காசு வாங்கிக்கொண்டு "ஸ்டெம் செல்" ஏற்றும் தனியார் இடங்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கொழும்பிலோ சென்னையிலோ காசு கட்டினால் ஜெல் ஊசி கிடைக்குமா?

இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஆகவில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தால் மட்டும் கிடைக்கும், முறையான ஆராய்ச்சியில் மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்கமாட்டார்கள். யாராவது இலட்சக் கணக்கில் கேட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். காணியை ஈடு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அப்படியென்றால் அப்பாவின் இதயத்துக்கு இப்போது ஒன்றுமே செய்ய முடியாதா?

நிறையச் செய்யலாம். ஜெல் செய்ய நினைக்கும் அந்த வேலையை, அதாவது அறை அகலுவதைத் தடுப்பதை, குளிசைகள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கின்றன. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் ஈ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழே இருந்த 2,231 பேரில் பாதிப் பேருக்கு கப்டோபிரில் கொடுத்தார்கள். அவர்களில் இறப்பு 19 வீதம் குறைந்தது. அதே குடும்பத்து எனலாபிரில் அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் குளிசை. பைசோப்ரலோல், கார்வெடிலோல், ஸ்பைரனோலக்டோன், இப்போது சீனிக்கும் இதயத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் எம்பாக்ளிஃப்ளோசின் எல்லாமே இந்த வேலைக்கு உதவுகின்றன.

என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். ஜெல் ஊசிக்காக அமெரிக்காவரை விசாரிப்பவர்களில் சிலர், எனலாபிரிலால் வறட்டு இருமல் வந்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியிருப்பார்கள். இருமல் அந்தக் குளிசையின் அறிந்த பக்க விளைவு. டொக்டரிடம் சொன்னால் லோசார்டனுக்கு மாற்றித் தருவார். தலைச்சுற்று, கால் வீக்கம் எது வந்தாலும் நிறுத்துவதற்கு முன் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையலாம், அது உயிருக்கே ஆபத்து. நடையைப் பற்றிக் கேட்டால், டொக்டர் சரி என்ற பிறகு டச்சு பே கடற்கரையில் மணலை விட்டு ஓரமாக, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் தொடங்குங்கள். மணலில் நடப்பது இதயத்துக்குக் கூடுதல் வேலை. சிகரெட்டும் பீடியும் முழுதாக நிற்க வேண்டும்.

நெஞ்சு நோ வந்தால் முதலில் என்ன செய்வது?

1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவதைவிட அது நல்லது, வழியில் துடிப்பு நின்றால் அம்புலன்ஸில் கவனிக்க ஆள் இருக்கும். உறைவைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும், 12 மணித்தியாலம் தாண்டினால் பெரும்பாலும் பலன் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரப் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் "வாய்வுதான், இஞ்சி குடித்தால் சரியாகும்" என்று வீட்டிலேயே இருந்துவிடும் மணித்தியாலங்கள் இன்னும் குறையவில்லை. சீனி வருத்தம் உள்ளவருக்கும் பெண்களுக்கும் நோ இல்லாமல் வெறும் களைப்பு, வியர்வை, மூச்சு வாங்கல் மட்டும் வரலாம்.

இப்படியொரு ஆய்வில் சேரச் சொல்லி யாராவது கேட்டால்?

நல்ல ஆய்வு என்றால் நானும் சேரச் சொல்வேன், ஆட்கள் சேராமல் எந்த மருந்தும் வந்ததில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, எனக்கு ஜெல் கிடைக்காமல் வெறும் உப்புநீர் கிடைக்க வாய்ப்பு உண்டா, ஏதாவது நடந்தால் செலவை யார் ஏற்பது, இடையில் விலகினால் வழக்கமான கிளினிக் சிகிச்சை தொடருமா என்று கேளுங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகனிடமோ மகளிடமோ வாசிக்கக் கொடுங்கள். அதற்கு நேரம் தர மறுத்தால், சேர வேண்டாம்.